உப்பு இடம் மாறும் நேரம்

காலுக்குப் போகும் ரத்தம் திடீரென நின்று, கால் சில்லிட்டு வெளிறிப்போனவரைத் தள்ளுநாற்காலியில் அழைத்து வருகிறவர்களிடம் ஏன் தாமதம் என்று ஸ்கேன் அறை வாசலில் கேட்டால், ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "காலையிலேயே வலி இருந்தது. சுளுக்காக இருக்கும் என்று ஒத்தடம் கொடுத்தோம்."

அந்தச் சில மணி நேரத்தில் தசைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள சோடியத்தைப் பார்க்கலாம். (சாப்பாட்டு உப்பைக் குறைக்க வேண்டுமா என்று கேட்காதீர்கள், இது வேறு கதை.) செல்லுக்கு வெளியே லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் சோடியம் இருக்கிறது, உள்ளே 10 முதல் 15 தான். இந்த வித்தியாசத்தைக் காப்பது செல் சவ்வில் உள்ள பம்ப். செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ரத்தம் நின்றால் ஆக்ஸிஜன் இல்லை, ஏடிபி கரைகிறது, அமிலம் சேர்கிறது. அமிலத்தை வெளியேற்ற செல் சோடியத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. பம்ப்போ சோர்ந்துவிட்டது. சோடியத்தின் பின்னால் தண்ணீரும் நுழைய, செல் வீங்குகிறது.

இதை எம்.ஆர்.ஐ.யில் அளக்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். ரத்த ஓட்டம் முழுவதும் நின்ற தசைக்குள் புதிதாகச் சோடியம் வர வழியில்லை. கூடத்தில் இருந்தவர்கள் அறைக்குள் போனால் வீட்டின் தலைக்கணக்கு மாறாதல்லவா? மொத்த அளவை மட்டும் காட்டும் படமும் அப்படியே இருக்கும். அதனால்தான் விரவலை, அதாவது அயனிகள் எவ்வளவு தாராளமாக அலைகின்றன என்பதை அளக்க முயல்கிறார்கள். 25 டிகிரி வெறும் நீரில் அது வினாடிக்குச் சுமார் 0.0013 சதுர மில்லிமீட்டர். புரதங்கள் நெருக்கியடிக்கும் செல்லுக்குள் வேகம் குறையும். ஆனால் செல்கள் வீங்கி இடைவெளி சுருங்கினால் வெளியே இருக்கும் சோடியமும் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். மதிப்பு குறைந்தால் எது காரணம்? பிரித்தறிய, விலங்கு ஆய்வுகளில் செல்லுக்குள் புகாத, தூலியம் என்ற உலோகத்தின் சேர்மத்தைச் செலுத்துவார்கள். அது வெளிச் சோடியத்தின் சிக்னலை மட்டும் வேறு அலைவெண்ணுக்குத் தள்ளி வைக்கும். போதாக்குறைக்கு சோடியம் சிக்னல் பலவீனமானது, சில மில்லிவினாடிகளிலேயே பெரும்பகுதி அடங்கிவிடும்.

ஆக, இது ஆய்வுக்கூட வேலை. அவசரத்தில் வரும் நோயாளிக்கு நாங்கள் செய்வது ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரும், ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவும்தான்.

தசை ரத்தமில்லாமல் ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். நரம்பு அதற்கு முன்பே தளரும். திடீர் வலி, சில்லிடல், வெளிறல், மரத்துப்போதல், விரலை அசைக்க முடியாமை இருந்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள், சூடு வைக்காதீர்கள். மரத்த தோல் வெந்தாலும் தெரியாது. காலை உயர்த்தி வைப்பதும் வேண்டாம், வரும் கொஞ்ச ரத்தமும் குறையும்.

மாவுக்கட்டு போட்டவர்களுக்குத் தனியாக ஒன்று. காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, விரலை நீட்டினால் துடிக்கும் வலி என்றால் அப்போதே மருத்துவமனைக்கு வர வேண்டும். கட்டுக்குக் கீழே நாடி கிடைக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். தசைக்குள் அழுத்தம் ஏறி நுண்குழாய்கள் அடைபட்ட பிறகும் நாடி துடித்துக்கொண்டிருக்கும்.