தண்ணீர் அறிக்கை சொல்லாதது

நீர் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எல்லாம் வரம்புக்குள்தானே இருக்கிறது?" ஆமாம் என்றதும் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள். குடிநீருக்கு அந்தப் பதில் சரி. ஏரிக்கும் கடலுக்கும் அது பாதிப் பதில்கூட இல்லை.

பாதரசத்தையே எடுத்துக்கொள்வோம். கழிவோடு வரும் பாதரசம் தண்ணீரில் அதிக நாள் நிற்காது. வண்டலில் ஒட்டி அடியில் படிந்துவிடும். மேல்தண்ணீரைப் பிடித்துவந்து சோதித்தால் கருவி பெரிதாக எதையும் காட்டாது. அடிச்சேற்றை அள்ளிப் பாருங்கள், கன்னங்கரேலென்று அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில், சல்பேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை இன்னும் நச்சு மிகுந்த வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. வினையே அங்குதான் தொடங்குகிறது.

மெத்தில் பாதரசம் உடம்புக்குள் சுலபமாகப் போய்விடும், வெளியேறத்தான் நாளாகும். பாசி, அதைத் தின்னும் மிதவை உயிரி, சின்ன மீன், பெரிய மீன் என ஏற ஏறச் செறிந்து, வேட்டை மீனின் சதையில் தண்ணீரில் உள்ளதைப்போலப் பத்து லட்சம் மடங்கைக்கூடத் தாண்டும். புரதத்தோடு பிணைந்திருப்பதால் தோலை உரித்தாலும் கொழுப்பை வெட்டினாலும் வேகவைத்தாலும் போகாது.

ஜப்பானின் மினமாட்டாவில் நடந்தது இதுதான். அங்கே ஆலைக் கழிவிலேயே மெத்தில் பாதரசம் கலந்திருந்தது. விரிகுடா மீனைத் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன. 1956இல் மனிதர்களிடம் நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. பெரிதாக அறிகுறியே இல்லாத தாய்மாருக்கும் மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. கழிவு நின்றதோ 1968இல்.

செத்து மிதக்கும் மீனைக் கண்டால்தான் நாம் மாசு என்று நம்புகிறோம். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பறவைகளை நேரடியாகக் கொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது சிதைந்து உருவாகும் டிடிஇ முட்டை ஓட்டை மெலியவைத்தது. அடைகாத்த பறவையின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. பொரி வல்லூறும் பழுப்புக் கூழைக்கடாவும் பல பகுதிகளில் அப்படித்தான் காணாமல் போயின. அப்புறம், கப்பலின் அடிப்பாகத்தில் உயிரிகள் ஒட்டாமலிருக்கப் பூசிய பெயின்டில் இருந்த டிரைபியூட்டைல் டின் என்ற நச்சு. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே சில கடல் நத்தை இனங்களில் பெண்ணுக்கு ஆணுறுப்பு முளைத்தது.

ஆகவே, ஒரு நீர்நிலையைப் பரிசோதிக்கச் சொல்லும்போது வண்டலையும் மீன் சதையையும் சேர்த்தே கேளுங்கள். கர்ப்பிணிகள் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்த்து, சின்ன மீன்களைச் சாப்பிடலாம். வீட்டில் பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் கூட்டிப் பெருக்காதீர்கள், தொட்டியில் கழுவியும் விடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒதுக்கி மூடியுள்ள பாட்டிலில் அடைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.