வாட்டம்: கிரேடியன்ட்டுக்கு ஒரு கொத்தனார் சொல்

போன வருஷம் சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்தோம். வேலை முடிந்த அன்று கொத்தனார் மாடியின் நடுவே ஒரு பக்கெட் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். தண்ணீர் சற்றுத் தயங்கி, அப்புறம் கோணலாக ஈசானி மூலைக் குழாயைப் பார்த்து ஓடியது. "வாட்டம் சரியா இருக்குதுங்க" என்றார். செயற்கை நுண்ணறிவைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் 'கிரேடியன்ட்' என்ற சரிவுக் கணக்குச் சொல் வரும் இடத்தில் தடுக்கிக்கொண்டிருந்த எனக்கு, வேண்டிய சொல் அங்கேதான் கிடைத்தது.

கிரேடியன்ட்டின் வேர் லத்தீன். 'கிராடுஸ்' என்றால் படி, அடி. கிரேடு, டிகிரி, கிராஜுவேட் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதையின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்க இந்தச் சொல் நன்றாகப் புழங்கியது, கணிதத்துக்கும் வந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அந்தப் படியை விடாமல் 'படித்திறன்' என்கின்றன. நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் நேர்கோட்டுக்குச் 'சாய்வு'.

சாய்வு நல்ல சொல்தான். ஆனால் அது கோட்டுக்குப் போதும், மலைக்குப் போதாது. ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு வளைவில் இறங்கி நின்று, இந்த இடத்தில் சாய்வு எவ்வளவு என்று கேட்டால், எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். தார்ச்சாலை வழியே பஸ் மூச்சு வாங்காமல் ஏறும் அளவுக்கு மெல்லிய சாய்வு. மழை நாளில் அதே இடத்தைக் கடக்கும் ஓடைக்கோ தலைகுப்புற விழும் சாய்வு. மிகச் செங்குத்தான திசையிலிருந்து 60 பாகை விலகி நடந்தால் சாய்வு சரிபாதி. 90 பாகை விலகினால் பூஜ்ஜியம், மலையைச் சுற்றி நடக்கலாம். ஒரே புள்ளியில் இத்தனை சாய்வுகள். அவற்றில் மிகப் பெரியது எது, அது எந்தத் திசையில் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் கிரேடியன்ட். வெறும் எண் இல்லை, வெக்டர்.

கொத்தனார் இதைக் கணக்காகவே செய்தார். முதலில் மேற்கிலிருந்து கிழக்கே நூல் கட்டி, 10 அடிக்கு 1 அங்குலம் இறக்கினார். அப்புறம் தெற்கிலிருந்து வடக்கே, 10 அடிக்கு 2 அங்குலம். இப்படி மற்றதை அசையாமல் வைத்துக்கொண்டு ஒரு திசையில் மட்டும் பார்க்கும் சாய்வைப் பாடநூல் 'பகுதி வகைக்கெழு' என்கிறது. இரண்டையும் சேர்த்தால் தண்ணீர் கிழக்கே 1 அடிக்கு வடக்கே 2 அடி என்ற கணக்கில் ஓடும். அந்த வழியில் 10 அடிக்கு ஏறத்தாழ 2.24 அங்குலம் இறக்கம். நூல் கட்டிய இரண்டு திசையையும் விட அதிகம். அந்தக் கோணலான ஓட்டத்துக்கு இதுதான் காரணம்.

செயற்கை நுண்ணறிவின் அடியில் அடுக்கடுக்காகக் கணக்குப் போட்டு விடை சொல்லும் நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிப்பதும் தண்ணீர் ஓட விடுகிற வேலைதான், திசைகள்தான் இரண்டோடு நிற்பதில்லை. 2012-இல் படங்களை அடையாளம் கண்டு பேர் வாங்கிய அலெக்ஸ்நெட் என்ற நெட்வொர்க்கில் சுமார் 6 கோடி எடைகள், அதாவது பயிற்சியில் மாற்றிக்கொண்டே போகும் எண்கள். 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியில் 17,500 கோடி. ஒவ்வொரு எடையும் ஒரு திசை. நெட்வொர்க் எவ்வளவு தப்பாகச் சொல்கிறது என்பதை அளக்கும் இழப்புச் சார்புதான் உயரம். ஒவ்வொரு எடைக்கும் பகுதி வகைக்கெழுவைக் கண்டுபிடித்து, அதைக் கற்றல் வீதம் என்ற சிறு எண்ணால் பெருக்கி, பழைய எடையிலிருந்து கழிக்க வேண்டும். திரும்பத் திரும்ப இதேதான். இதற்குத்தான் 'கிரேடியன்ட் டிசென்ட்' என்று பெயர். பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி 1847-இலேயே, விண்பொருள்களின் பாதைக் கணக்கை மனதில் வைத்து, இந்த வழியை எழுதிவிட்டார்.

'கழிக்க வேண்டும்' என்றேன் இல்லையா? கணிதத்தின் கிரேடியன்ட் மலை உச்சிப் பக்கம் கை காட்டும். நமக்கு வேண்டியது அடிவாரம். அதனால்தான் அந்தக் கழித்தல் குறி. புதிதாகப் படிப்பவர்கள் கோட்டை விடுவதும் அங்கேதான். வாட்டம் என்ற சொல்லிலோ அந்தக் குறி உள்ளேயே இருக்கிறது. எந்தக் கொத்தனாரும் மேட்டைப் பார்த்து வாட்டம் என்று சொல்ல மாட்டார்.

17,500 கோடி வகைக்கெழுக்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு எடையாக அசைத்துப் பார்த்தால் ஆயுசு போதாது. இந்த இடத்தில் என் மாடிக் கதையின் மீதியைச் சொல்ல வேண்டும். முதல் மழையில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கிவிட்டது. கொத்தனாரைக் கேட்டால், தளமே இறங்கியிருக்கிறது என்றார். தளம் போட்டவர் சென்ட்ரிங்காரரைக் காட்டினார். அவர் முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பைக் காட்டினார். பழி இப்படிப் பின்னோக்கிப் போவதற்குக் கணக்கு உண்டு. கம்பு 1 அங்குலம் இறங்கினால் தளம் அரை அங்குலம் இறங்கும், தளத்தின் இறக்கத்தில் பாதி தட்டோட்டில் தெரியும் என்று வைத்துக்கொண்டால், கம்பின் பங்கு பாதியில் பாதி, அதாவது கால். பங்குகளைப் பெருக்கிக்கொண்டே போவதுதான் சங்கிலி விதி. கடைசிப் பிழையிலிருந்து தொடங்கி அடுக்கடுக்காகப் பின்னால் போனால், முன்னால் ஒரு தடவை கணக்குப் போட ஆகும் வேலையைப் போலச் சில மடங்கிலேயே எல்லா எடைகளின் பங்கும் வந்துவிடும். இந்தப் 'பின்பரவல்' முறையை ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986-இல் நேச்சர் இதழில் எழுதிய பிறகுதான் துறை முழுக்கத் தெரிந்தது. ஆனால் இதற்கு அடியில் இருக்கும் பின்னோக்கிய வகையிடலை ஃபின்லாந்தின் லின்னைன்மா 1970-லேயே செய்திருந்தார்.

பெருக்கலில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஒவ்வொரு அடுக்கின் விடையையும் 0-க்கும் 1-க்கும் இடையில் அடக்கும் பழைய சிக்மாய்டு சார்பின் வகைக்கெழு கால் பங்கைத் தாண்டாது. பத்து அடுக்குகளில் காலைக் காலால் பெருக்கினால் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. முன் அடுக்குகளுக்கு வாட்டமே தெரியாமல் போய்விடும்.

தொட்டிப் பக்கத்துப் பள்ளத்துக்குப் பாடநூலில் 'இடஞ்சார்ந்த சிறுமம்' என்று பெயர். பெரிய நெட்வொர்க்குகளில் பள்ளத்தை விடச் சேணப்புள்ளிகளே அதிகம் என்று கருதுகிறார்கள்: ஒரு பக்கம் ஏற்றம், இன்னொரு பக்கம் இறக்கம், நின்ற இடத்தில் சமதளம்.

முகம் வாடினாலும் வாட்டம்தானே என்று கேட்கலாம். கைக்கு வசதியாக இருந்தாலும் 'வாட்டமா இருக்கு' என்கிறோம், குழம்புவதில்லை. அதனால் என் கட்சி இது: கோட்டுக்குச் சாய்வு இருக்கட்டும். உச்சியைக் காட்டும் கணித வெக்டருக்குச் 'சாய்வு வெக்டர்'. பயிற்சியில் எடைகள் நகரும் திசைக்கு 'வாட்டம்'. 'கிரேடியன்ட் டிசென்ட்' என்பதைச் 'சாய்வு இறக்கம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதற்கு, 'வாட்டம் பிடித்து இறங்குதல்' எவ்வளவோ தேவலை.

தொட்டிப் பக்கத்துப் பள்ளத்தை இன்னும் பூசவில்லை. மழை விட்டதும் காக்கைகள் அதில் குளிக்கின்றன.