பெர்மாஃப்ராஸ்ட்: பனியா, நிலமா?

டெல்லி ராஜேந்திர நகர், கரோல் பாக் பக்கம் அறை எடுத்து ஐஏஎஸ் தேர்வுக்குப் படிக்கிற நம்ம பிள்ளைகளில் தமிழிலேயே எழுதப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் கையில் சுற்றும் புவியியல் குறிப்புகளில் பெர்மாஃப்ராஸ்டுக்கு 'நிரந்தர உறைபனி' என்று போட்டிருப்பதைப் பார்க்கிறேன். உறைபனி என்றதும் டிசம்பரில் ஊட்டிப் புல்வெளியில் வெள்ளையாகப் படிந்து கிடப்பதுதானே ஞாபகம் வரும்? இது அதுவல்ல. இது நிலம்.

மண்ணோ பாறையோ, தொடர்ந்து 2 ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருந்தால் அது பெர்மாஃப்ராஸ்ட், அவ்வளவுதான். உள்ளே ஒரு பொட்டு ஐஸ்கூட இல்லாத காய்ந்த பாறையும் இந்தக் கணக்கில் வரும். கோடையில் இளகி, குளிரில் மறுபடி உறைகிற மேல்மண் இதில் சேராது. அதற்குக் கீழே இருப்பதுதான் விஷயம். சைபீரியா, அலாஸ்கா, கனடாவில் பரந்து கிடக்கிறது, நம்ம லடாக்கின் உயர்ந்த மலைகளிலும் உண்டு.

சொல்லுக்கு வயது அதிகமில்லை. சீமோன் முல்லர் என்ற புவியியலர் அமெரிக்க ராணுவத்துக்காக 1943-ல் எழுதிய அறிக்கையில் பெர்மனன்ட், ஃப்ராஸ்ட் இரண்டையும் ஒட்டி உண்டாக்கினார். ஆனால் சரக்கு ரஷ்யர்களுடையது. அவர்கள் 'வெச்னயா மெர்ஸ்லோத்தா', அதாவது நித்திய உறைவு என்று முன்பே சொல்லி வந்தார்கள். சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்பவர் தண்ணீருக்காக 1828-ல் ஒரு கிணறு தோண்ட ஆரம்பித்து, 116 மீட்டர் போயும் உறைந்த மண்ணைத் தாண்ட முடியவில்லை. தண்ணீர் கிடைக்காத அந்தக் கிணற்றுக்குள் 1840-களில் மிடென்டார்ஃப் என்ற ஆய்வாளர் வெப்பமானிகளை வைத்து அளந்தார். ஆழமான நிலத்தின் வெப்பநிலையை அளக்கும் வேலைக்கு அது முன்னோடி.

இன்றும் முறை கிட்டத்தட்ட அதுதான்: துளை போட்டு, கோடை குளிர் ஏற்ற இறக்கம் எட்டாத ஆழத்தில் உணரியை வைத்துப் பார்ப்பது. 2007 முதல் 2016 வரை உலகளவில் அந்த ஆழத்து வெப்பநிலை சராசரியாக 0.29 டிகிரி ஏறியது. இதில் வேடிக்கை என்னவென்றால், இடைவெளியில்லாமல் உறைந்து கிடக்கிற குளிரான வட்டாரங்களில் 0.39 ஏறியது, திட்டுத்திட்டாக உறைந்திருக்கிற, 0-வை ஒட்டி நிற்கிற இடங்களில் 0.20 மட்டுமே. அப்போ அங்கே நிம்மதியா என்றால் இல்லை, 0-வுக்குப் பக்கத்தில் வரும் வெப்பமெல்லாம் மண்ணுக்குள் இருக்கும் ஐஸை நீராக்கவே செலவாவதால் வெப்பமானி அசையாமல் நிற்கும், நிலம் மட்டும் உள்ளுக்குள் இளகிக்கொண்டே போகும். எண் சின்னது என்று ஏமாறக்கூடாத இடம் இது. அப்புறம், அந்தத் திட்டு வட்டாரங்களில் காற்று பெரிதாகச் சூடாகாமலே நிலம் சூடானது. காரணம், தடித்த பனிப்படிவு. டெல்லி ஜனவரியில் நாம் ரஜாய்க்குள் புகுந்துகொள்கிற மாதிரி, பனி மேலே போர்த்திக்கொண்டால் நிலத்தின் சூடு குளிர்காலத்தில் வெளியேறாது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'நிரந்தர' வேண்டாம், 2 ஆண்டு இருந்தாலே போதும் என்கிற ஒன்று நிரந்தரமாகாது. 'பனி' வேண்டாம், காரணம் மேலே இருக்கிறது. 'உறைமண்' சுருக்கமாக அழகாக இருக்கிறது, ஆனால் பாறை விட்டுப்போகும். என் ஓட்டு 'நீடுறை நிலம்' என்பதற்கு. உறைதலுக்கு வசித்தல் என்ற பொருளும் உண்டே என்று யாராவது கொக்கி போடலாம், போடட்டும், பக்கத்தில் நிலம் நிற்பதால் குழப்பம் வராது. இன்னொன்று, நீடுறை நிலம் 'உருகுகிறது' என்று எழுதாதீர்கள். உருகுவது உள்ளே இருக்கும் ஐஸ், நிலம் இளகுகிறது. தேர்வில் எழுதுகிறவர்கள் முதல் இடத்தில் மட்டும் 'பெர்மாஃப்ராஸ்ட் எனும் நீடுறை நிலம்' என்று சேர்த்து எழுதிவிட்டால், திருத்துகிறவருக்கும் புரிந்துவிடும்.