பயோடீசல் டிரம்முக்கு அடியில தேங்குறது கிளிசரின் இல்லைங்க

போன வாரம் எங்க லேபுக்கு ஒரு சாம்பிள் வந்துச்சு. ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல கருப்பட்டிப் பாகு மாதிரி கரும்பழுப்பா ஒரு திரவம், மேல மார்க்கர்ல 'நேச்சுரல் கிளிசரின்'னு எழுதியிருக்கு. கொண்டுவந்தவர் பலகாரக் கடை வச்சிருக்கார், பொரிச்சு மிச்சமான எண்ணெயில வீட்டுலயே பயோடீசல் தயாரிச்சு ஜெனரேட்டருக்கு ஊத்துறாராம், அடியில தங்குறத அவரோட மச்சினிச்சி சோப்பு பண்ண எடுத்துக்கறாங்களாம், அதுக்கு 'சுத்தம்'னு ஒரு ரிப்போர்ட் குடுங்கன்னு கேக்கறார். ஃபிளாஷ் பாயின்ட் கப்புல, அதாவது எந்தச் சூட்டுல ஆவி பத்திக்கும்னு பாக்கற டெஸ்ட் கப்புல ஊத்தி சின்ன தீயைக் காட்டினதுமே, சூடு பண்றதுக்கு முன்னாடியே, குப்புனு பத்திக்கிச்சு. சுத்தமான கிளிசரினா இருந்தா 160 டிகிரி வரைக்கும் சூடு ஏத்தினாதான் அந்த டெஸ்ட்ல பத்தும். அந்தம்மா இத அடுப்படியில வச்சு சோப்பு கிண்டிட்டு இருக்காங்க!

இப்படி சாம்பிள் வர்றது இது முதல் தடவை இல்ல. ஒவ்வொருத்தருக்கா சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதறேன்.

கணக்கு ரொம்ப சிம்பிள். எண்ணெயை பயோடீசலா மாத்த 100 லிட்டருக்கு 20 லிட்டர் மெத்தனால்ங்கிற விஷ ஆல்கஹாலை ஊத்தறீங்க. ரியாக்‌ஷனுக்கு நிஜமா செலவாகறது சுமாரா 12, 13 லிட்டர்தான். மிச்ச ஏழு லிட்டர் எங்க போச்சு? எங்கயும் போகல, டிரம்முக்குள்ளேயே இருக்கு, அதுலயும் பாதிக்கு மேல, பயோடீசலுக்கு அடியில தங்குற அந்தக் கீழ் லேயர்ல கலந்து நிக்குது. அது கூடவே மாத்தறதுக்காக நீங்க போட்ட காஸ்டிக் (அரிக்கிற காரம்), பழைய எண்ணெயில இருந்து வந்த சோப்பு, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் தண்ணி எல்லாம் இருக்கு. இதுக்குப் பேரு கிளிசரின்னா, மருந்துக்கடையில விக்கிறதுக்கு என்ன பேரு வைக்கிறது?

மெத்தனால்னா என்னன்னு தமிழ்நாட்டுல யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. 2023ல மரக்காணம், 2024ல கள்ளக்குறிச்சி. கருணாபுரம் பக்கம் 60 பேருக்கு மேல செத்தாங்க, அதே சாமான்தான். உடம்புக்குள்ள போனா ஃபார்மிக் ஆசிடா மாறி கண் நரம்பைத்தான் முதல்ல அடிக்கும். 10 மில்லி போதும் பார்வை போக. குடிச்சாதானேன்னு நினைக்காதீங்க, தோல் வழியாவும் இறங்கும், மூச்சு வழியாவும் இறங்கும்.

இப்ப என்னை ரொம்பக் கடுப்பேத்துற விஷயத்துக்கு வர்றேன். யார்கிட்ட சொன்னாலும் ஒரே பதில், 'சார், ரெண்டு நாள் வெயில்ல தொறந்து வச்சிட்டேன், மெத்தனால் பறந்துடுச்சு'. இல்லன்னா, 'மெத்தனால் 65 டிகிரியில கொதிக்கும்னு நெட்ல போட்டிருக்கு, நான் 70 வரைக்கும் காய்ச்சிட்டேன்'. ரெண்டுமே தப்பு. 65ங்கிறது தனி மெத்தனாலுக்கு. கிளிசரினோட கலந்துட்டா கணக்கே வேற, கிளிசரின் அத இறுக்கிப் பிடிச்சுக்கும். மெத்தனால் குறையக் குறைய மிச்சத்தை வெளிய எடுக்க சூடு ஏறிக்கிட்டே போகணும், கடைசியா ஒட்டிக்கிட்டு இருக்கிறத எடுக்க 100 டிகிரியத் தாண்டியும் பத்தாம வேக்குவம் போட்டு இழுக்கணும். ஃபேக்டரிகள்ல மூடின கலன், கன்டென்சர், வேக்குவம் பம்ப்னு வச்சுக்கிட்டு பண்ற வேலை அது. வெயில்ல வச்சா மேல ஆடை படிஞ்சு, மேல்பக்கத்துல இருக்கிறது கொஞ்சம் பறக்கும், அடியில இருக்கிறது அப்படியே இருக்கும். அதுலயும் சோப்பு கட்டியாகிட்டா உள்ள இருக்கிறது வெளிய வர வழியே இல்ல. வாசம் வரலையேன்னும் சொல்லாதீங்க, மெத்தனாலுக்கு வாசமே கம்மி, மூக்கை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அப்புறம் வீட்டுக்குள்ள கேஸ் அடுப்புல வச்சு காய்ச்சறவங்க... தயவுசெஞ்சு வேண்டாங்க. அந்த ஆவி தரையோட தவழ்ந்து போய் எங்கயாவது பைலட் தீ, சுவிட்ச், ஊதுபத்தின்னு கண்டுபிடிச்சிடும். பகல் வெளிச்சத்துல மெத்தனால் தீ கண்ணுக்கே சரியாத் தெரியாது, கை சுட்டப்புறம்தான் தெரியும். மாஸ்க் போட்டிருக்கேன்னும் சொல்றாங்க. துணி மாஸ்க், என்95 எதுவும் ஆவியைத் தடுக்காது, கார்பன் கேட்ரிட்ஜ் வச்சதுகூட மெத்தனாலுக்கு சீக்கிரமே தோத்துடும்.

கீழ் லேயரை விறகுல ஊத்தி எரிக்கறதும் நடக்குது. சூடு பத்தாம கிளிசரின் எரிஞ்சா அக்ரோலின்னு ஒண்ணு வரும், கண்ணும் தொண்டையும் எரிஞ்சு மூச்சு அடைக்கும். மாட்டுத் தீவனத்துல கலக்கறவங்களும் இருக்காங்க, இனிப்பா இருக்குன்னு மாடு நக்கிக் குடிச்சிடும். தீவனத்துக்குப் போற கிளிசரின்ல மெத்தனால் 150 பிபிஎம் (பத்து லட்சத்துல 150 பங்கு) தாண்டக் கூடாதுங்கிறது அமெரிக்க உணவு, மருந்து அமைப்பான எஃப்டிஏ வச்ச அளவு. உங்க டிரம்முல இருக்கிறது அதுக்கு ஆயிரம் மடங்கு பக்கம்.

பயோடீசலைக் கழுவின தண்ணிக்கும் இதே கதைதான். முதல் கழுவல்ல காஸ்டிக்கும் சோப்பும் மெத்தனாலும் சேர்ந்தே வரும். 'பொட்டாஷ்தானே, தென்னைக்கு நல்லது'ன்னு ஊத்தறாங்க. நீங்க போட்டது காஸ்டிக் சோடாவா காஸ்டிக் பொட்டாஷான்னு முதல்ல பாருங்க, சோடான்னா சோடியம் ஏறி மண்ணு இறுகிப் போயிடும். பொட்டாஷா இருந்தாலும் ஆசிட் போட்டு நடுநிலைக்குக் கொண்டுவராம வேருக்கு ஊத்தினா கருகும். செப்டிக் டேங்குக்கு விட்டா உள்ள இருக்கிற கிருமி செத்து டேங்க் நாறும், குளத்துல விட்டா ஆக்சிஜன் போய் மீன் மிதக்கும்.

அலுமினிய அண்டாவுல எதையும் வைக்காதீங்க. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னு ஹைட்ரஜனை விடும், மெத்தனால் ஆவி இருக்கிற இடத்துல ஹைட்ரஜனும் வேணுமா? ஹெச்டிபிஇங்கிற கெட்டி பிளாஸ்டிக் கேன்தான், இறுக்கி மூடி, 'விஷம், மெத்தனால் இருக்கு'ன்னு பெரிசா எழுதி, பூட்டின இடத்துல வைங்க. தண்ணி பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில் கூடவே கூடாது. எண்ணெய் துடைச்ச துணியைக் குமிச்சு வைக்காதீங்க, தானாவே சூடேறிப் பத்திக்கும்.

இன்னொண்ணு, மெத்தனாலை லைசென்ஸ் இல்லாம வாங்கி வைக்கறதே தமிழ்நாட்டுல குற்றம். தெரிஞ்சவர் பெயின்ட் கடையில கேன்ல தர்றார்ங்கிறதெல்லாம் போலீஸ் வர்ற வரைக்கும்தான். உங்க பழைய எண்ணெயை, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயோட ரூகோங்கிற (பொரிச்ச எண்ணெயை பயோடீசலுக்குச் சேகரிக்கிற) திட்டத்துல பதிவு பண்ணின சேகரிப்பாளருங்ககிட்ட குடுத்துடுங்க, காசு தந்து எடுத்துக்கறாங்க. 2018லேர்ந்து இருக்கிற திட்டம்தான் அது.

யாராவது இத குடிச்சிட்டாலோ, நிறைய மேல கொட்டிக்கிட்டாலோ, ஆவியில ரொம்ப நேரம் நின்னுட்டாலோ, 'நல்லாதானே இருக்கார்'னு உட்காந்துடாதீங்க. அரை நாள், ஒரு நாள் வரைக்கும் ஒண்ணும் தெரியாது, அப்புறம் பனிமூட்டத்துல பாக்கறாப்புல கண்ணு மங்கும், அதுக்குள்ள நேரம் போயிருக்கும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் 'மெத்தனால்'னு அந்த வார்த்தையையே சொல்லுங்க. மாற்று மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு, ஆனா டாக்டருக்கு என்ன உள்ள போச்சுன்னு தெரியணும்.

ஏற்கெனவே சோப்பு பண்ணி அக்கம்பக்கம் குடுத்திருந்தா வெக்கப்படாம இன்னைக்கே போன் போட்டு திருப்பி வாங்கிடுங்க. குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு முதல்ல பண்ணுங்க.