காரில் ஏசி கேஸ் குறைகிறது என்றால் அது எங்கே போகிறது?

கத்திரி வெயில் நெருங்கும் நாட்களில் வேலூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு வரும் கார்களில் பல ஒரே கோரிக்கையோடு வருகின்றன: "கூலிங் இல்லை, கொஞ்சம் கேஸ் போட்டு விடுங்கள்." ஆயில் மாற்றுவதைப் போல ஆண்டுக்கொரு முறை கேஸ் போடுவதும் வழக்கமான பராமரிப்புதான் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. கேஸை அழுத்தும் கம்ப்ரசர், அதன் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர், உள்காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் ஆகியவற்றின் வழியாக, மூடிய குழாய்களுக்குள் அது திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய்களிலும், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளிலும் ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்பு. அடுத்த கோடைக்குள் குளிர்ச்சியே போய்விடுகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தொடர்ந்து மூன்று கோடைகளில் வெவ்வேறு இடங்களில் கேஸ் நிரப்பிவிட்டு, நான்காவது ஆண்டு எங்களிடம் வந்தார். நைட்ரஜனை அழுத்தத்தோடு செலுத்திச் சோப்பு நுரை தடவிப் பார்த்தபோது, முன்பக்கக் கண்டென்சரில் கல் பட்ட இடத்தில் குமிழி எழுந்தது. அந்த இடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பசையோடு புழுதி படிந்திருந்ததால் கண்ணால் பார்த்தே சந்தேகப்பட்டிருக்கலாம். கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய்தான் கம்ப்ரசரை உராய்விலிருந்து காக்கிறது. கசிவின் வழியே அதுவும் வெளியேறி வந்ததால், அவர் கண்டென்சரோடு கம்ப்ரசரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

பணம் அவருடையது, ஆனால் வெளியேறிய கேஸ் எல்லோருக்கும் பொதுவான காற்றில்தான் கலந்தது. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். ஓசோன் படலத்தைச் சிதைத்த ஆர்-12 என்ற பழைய கேஸுக்கு மாற்றாக வந்த இது ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு புவியைச் சூடாக்கக் கூடியது. சிறிய கார் ஒன்றில் உள்ள சுமார் 450 கிராம் முழுவதும் கசிந்தால், அது 640 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும் என்பதால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்த் திரும்பினால் வரும் புகைக்கு இது ஈடாகும். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கான 2016ஆம் ஆண்டின் கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. மீதமிருக்கும் கேஸை வால்வைத் திறந்து காற்றில் விட்டுவிட்டுப் புதிதாக நிரப்பும் பழக்கம் என் தொழிலில் நெடுங்காலம் இருந்தது. தொடக்க காலத்தில் நானும் அதைச் செய்தவன்தான். இன்று கேஸை உறிஞ்சி எடுத்து, சுத்திகரித்து, எடை போட்டுத் திரும்ப நிரப்பும் இயந்திரங்கள் வந்துவிட்டன.

கூலிங் குறைந்தாலே கேஸ் குறைந்துவிட்டது என்றும் முடிவு கட்ட வேண்டாம். டாஷ்போர்டுக்குப் பின்னால் அடைத்துக் கிடக்கும் கேபின் ஃபில்டர், புழுதி ஏறிய கண்டென்சர், அதற்குக் காற்று தர வேண்டிய, ஆனால் சுற்றாத மின்விசிறி ஆகியவையும் இதே குறையைக் காட்டும். நிற்கும்போது குளிராமல், ஓடும்போது மட்டும் குளிர்ந்தால், நான் முதலில் பார்ப்பது அந்த மின்விசிறியைத்தான்.

ஓட்டும் முறையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டினால் உள்ளே தேங்கிய அனல் வெளியேறிவிடும். பிறகு கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்தினால் கம்ப்ரசரின் சுமை குறையும். சாதாரணக் குமிழ் வைத்த ஏசிகள் பலவற்றில் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புவதால் எரிபொருள் பெரிதாக மிச்சமாவதில்லை. குளிர்ந்த காற்றோடு ஹீட்டரின் சூடும் கலக்கிறது, அவ்வளவுதான். வீடு சேர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்துக் காற்றை மட்டும் ஓட விட்டால் கூலிங் காயிலின் ஈரம் காய்ந்து, நாளடைவில் வரும் புளித்த வாடையும் தடுக்கப்படும். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காக ஏசியோடு காத்திருக்கும் கார் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோலைக் குடித்துவிடும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் காரில் உறங்குவது உயிருக்கே ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அடுத்த முறை கேஸ் நிரப்பும்போது, கசிவு சோதனை நடந்ததா என்று கேளுங்கள். அழுத்தமானியை மட்டும் பார்த்து நிரப்பினால் அளவு துல்லியமாக அமையாது. பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் உங்கள் காருக்குரிய அளவு கிராமில் அச்சிடப்பட்டிருக்கும். எத்தனை கிராம் எடுக்கப்பட்டது, எத்தனை கிராம் நிரப்பப்பட்டது என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லி, அந்த ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்த பின் பணத்தைக் கொடுங்கள்.