'இவன் தேற மாட்டான்' என்று முடிவு கட்டுமுன்

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணி பழைய நட்சத்திரங்களை விற்றுவிட்டு, இளம் வீரர்களை வைத்து அடியிலிருந்து கட்ட ஆரம்பித்ததும் அதன் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். 'கொஞ்சம் பொறுங்கள், பையனுக்கு 19 வயதுதான் ஆகிறது' என்பது ஒரு கட்சி. 'இன்னும் எத்தனை வருஷம் பொறுப்பது? இவன் தேற மாட்டான், வேறு ஆளைக் கொண்டு வாருங்கள்' என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் அணி மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான். விளையாட்டு உளவியல் ஆலோசகராக, அந்த வாதத்துக்கு ஆளாகும் பையன்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. அங்கிருந்து பார்த்தால், ரசிகர்களுக்குப் பொறுமை இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. நிறையவே இருக்கிறது, இடம் மாறிப் போயிருக்கிறது. நிர்வாகத்தின் 'திட்டத்துக்கு' ஏழெட்டு வருஷம் தாராளமாகக் கொடுப்பவர்கள், பையனுக்கு நாற்பது ஆட்டம்கூடக் கொடுப்பதில்லை.

முதலில் வயதைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில், அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைபவர்களை அணிகள் எடுக்கலாம். 15-ஆம் தேதி பிறந்தவன் இந்த வருஷம் வந்துவிடுவான், மறுநாள் பிறந்தவன் அடுத்த வருஷம்தான். ஆக ஒரே டிராஃப்ட்டில் முதல்முறை நிற்கும் இருவருக்குள் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம் இருக்க முடியும். முப்பது வயதில் ஒரு வருஷம் பெரிய விஷயம் இல்லை. பதினெட்டில் அது தோள் அகலம், கால் வலிமை, தூக்கம், கோபத்தை அடக்கும் திறன் எல்லாவற்றிலும் தெரியும். நெருக்கடியில் நிதானமாக முடிவெடுக்க உதவும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த நிலையில் இருக்கும் பையன், பத்து வருஷம் எடைப்பயிற்சி செய்து இறுகிப்போன 28 வயது ஆளோடு களத்தைச் சுற்றியுள்ள பலகை ஓரத்தில் மல்லுக்கட்டிப் பக்கைப் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை) பறிக்க வேண்டும்.

ஜாக் ஹியூஸை 2019-ல் நியூ ஜெர்சி முதல் ஆளாக எடுத்தது. முதல் பருவத்தில் 61 ஆட்டம், 7 கோல், 21 பாயின்ட் (கோலுக்கும் கோலுக்கு உதவியதற்கும் சேர்த்த கணக்கு). உடம்பு பத்தாது, வேகம் மட்டும்தான் இருக்கிறது என்று அப்போது பேசினார்கள். 2022-23-ல் அதே பையன் 99 பாயின்ட் எடுத்தார். 2022-ல் மான்ட்ரியல் முதலாவதாக எடுத்த யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி முதல் பருவத்தில் 39 ஆட்டத்தில் 10 பாயின்ட்தான் எடுத்தார், அதோடு காயம் பட்டு உட்கார்ந்தும் விட்டார். மறுவருஷம் 82 ஆட்டமும் ஆடி 50 பாயின்ட். அந்த 39 ஆட்டத்தை வைத்து எழுதப்பட்ட தீர்ப்புகளை இன்று யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

சரி, இது வெற்றி பெற்றவர்களைப் பொறுக்கி எடுத்துச் சொல்லும் கதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு பையன் தேறாமல் போவது எப்படி நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

பல இளம் வீரர்களிடம் நான் பார்க்கும் ஒரே மாதிரியான நிகழ்வு இது. ஜூனியரில் அணியின் முதல் லைனில் (சேர்ந்து இறங்கும் தாக்குதல் மூவரில்), எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் பவர் பிளேயில், ஆட்டத்துக்கு இருபது நிமிஷம் ஆடியவன். பெரிய லீக்குக்கு வந்ததும் நான்காவது லைனில் எட்டு நிமிஷம். ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருமுறை இறங்கி ஆடிவிட்டுத் திரும்பும் நேரம், முக்கால் நிமிஷம்தான். இரண்டாவது ஷிஃப்டில் எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பாட்டக்காரரை ஏமாற்றிக் கடக்கப் பார்க்கிறான். பக் பறிபோகிறது, மறுமுனையில் கோல் விழுகிறது. கோச் ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பீரியட் (ஆட்டத்தின் மூன்றில் ஒரு பகுதி) முடியும்வரை அவன் லைனின் முறை வரும்போது 'இறங்கு' என்று தட்டும் கோச்சின் கை அவன் தோளில் மட்டும் படுவதில்லை. மற்றவர்கள் பலகையைத் தாண்டிக் குதிக்கிறார்கள், அவன் நகர்ந்து இடம் விடுகிறான். அடுத்த பீரியடில் ஒருவழியாக இறங்கும்போது அவன் மனசில் ஒரே கணக்குதான் ஓடுகிறது: தப்பு நடக்கக் கூடாது. பக் கையில் வந்ததும் எதிரணி மூலைக்குத் தட்டிவிட்டு மாறி வந்துவிடுகிறான். அதற்குத் தோளில் தட்டிக்கொடுக்கிறார்கள். பத்து ஆட்டத்தில் அது பழக்கமாகிறது. ஜனவரியில் ரசிகர்கள் எழுதுகிறார்கள்: 'இவனிடம் கற்பனையே இல்லை, எதற்கு இவனை எடுத்தார்கள்?'

அவனிடம் கற்பனை இருந்தது. தண்டனை இல்லாமல் ஆட ஒரே வழி அதை வெளியே காட்டாமல் இருப்பதுதான் என்று கற்றுக்கொண்டுவிட்டான். இப்படிக் கற்றுக்கொண்டதை மறக்கவைப்பது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேரோடு நான் செய்யும் வேலையே அதுதான்.

நெயில் யாகுபோவை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2012-ல் எட்மன்டன் அவரை முதல் ஆளாக எடுத்தது. கதவடைப்பால் குறுகிப்போன முதல் பருவத்தில் 48 ஆட்டத்தில் 17 கோல். நல்ல தொடக்கம். அதன் பிறகு இறங்குமுகம். 2016-ல் செயின்ட் லூயிஸுக்கு மாற்றப்பட்டார், 2018-ல் 24 வயதிலேயே அவருடைய என்.எச்.எல். வாழ்க்கை முடிந்தது. டிராஃப்ட்டில் வீணான தேர்வுகளைப் பட்டியல் போடும் யாரும் அவர் பெயரை விடுவதில்லை. ஆனால் எட்மன்டனில் அவர் ஆடிய நான்கு பருவத்தில் தலைமைக் கோச்சாக இருந்தவர்கள் ரால்ஃப் க்ரூகர், டாலஸ் ஈக்கின்ஸ், டாட் நெல்சன், டாட் மெக்லெலன் என நான்கு பேர். ரஷ்யாவிலிருந்து வந்து மொழி பழகிக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பையனுக்கு ஒவ்வொரு வருஷமும் புது முறை, புது எதிர்பார்ப்பு. அவர் ஆட்டத்தில் உண்மையான குறைகள் இருந்தன, நல்ல சூழலிலும் அவர் பெரிய நட்சத்திரம் ஆகியிருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அவரை வளர்த்தெடுக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் அதைச் சரியாகச் செய்யவில்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் டேஜ் தாம்ப்சன். இளைஞர்களைப் பற்றி அவசரப்படும் எவரிடமும் நான் முதலில் சொல்வது இவர் கதையைத்தான். 2016-ல் செயின்ட் லூயிஸ் முதல் சுற்றில் 26-ஆவதாக எடுத்த ஆள். 2018 ஜூலையில் ரயன் ஓ'ரைலியை விற்ற பேரத்தில் பஃபலோவுக்கு வந்தார். மறுவருஷமே ஓ'ரைலி செயின்ட் லூயிஸுக்கு லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வாங்கிக்கொடுத்து, பருவத்தின் கடைசியில் நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுகளின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். பஃபலோவில் தாம்ப்சன் 65 ஆட்டத்தில் 7 கோல். அந்த ஊர் ரசிகர்களின் வயிற்றெரிச்சலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த பருவத்தில் தோள்பட்டைக் காயம். 2020-21-ல் 38 ஆட்டத்தில் 8 கோல். 23 வயது, மூன்று வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை. 'பொறுத்தது போதும்' என்று சொல்ல இதைவிட வலுவான காரணம் கிடைக்காது.

அப்போது கோச்சாகப் பொறுப்பேற்ற டான் க்ரனாட்டோ, அதுவரை ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த அந்த ஆறரை அடி உயர ஆளை நடுவில் போட்டார். நடுவில் ஆடுபவருக்குப் பக் அதிகம் வரும், பரப்பு அதிகம், தப்பு செய்யவும் இடம் அதிகம். 2021-22-ல் 38 கோல், அடுத்த வருஷம் 47 கோல். அதுவரை நடந்தது சும்மா காத்திருப்பு. பலன் வந்தது இடம் மாற்றி, நேரம் கொடுத்து, தப்பு செய்ய விட்ட பிறகு. 'பொறுமையாக இருங்கள்' என்று சொல்லும் கட்சிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெறும் பொறுமை எந்தப் பையனையும் வளர்த்ததில்லை.

எங்கே விட்டு வளர்ப்பது என்பது அடுத்த கேள்வி. கனடிய ஜூனியர் லீக்கிலிருந்து எடுக்கப்பட்ட 18, 19 வயதுக்காரரை ஒன்று என்.எச்.எல்.லில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லை ஜூனியருக்கே திருப்பி அனுப்ப வேண்டும், நடுவில் இருக்கும் இரண்டாம் நிலை லீக்கான ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப முடியாது என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்த ஏற்பாடு. ஜூனியருக்கு மிஞ்சியவன், பெரிய லீக்குக்கு எட்டாதவன் என்று நடுவில் மாட்டிக்கொள்ளும் பையன்கள் இதனால் நிறைய. ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்தோ வருபவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. டெட்ராய்ட் 2019-ல் ஆறாவதாக எடுத்த மோரிட்ஸ் சைடரை ஒரு வருஷம் ஏ.எச்.எல்.லில் கிராண்ட் ராப்பிட்ஸில் ஆடவிட்டது, அப்புறம் ஒரு வருஷம் ஸ்வீடன் லீக்கில். 2021-ல் பெரிய அணிக்கு வந்தவர், அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகமாக கால்டர் விருது வாங்கினார். கேல் மகார் டிராஃப்ட்டுக்குப் பிறகு இரண்டு வருஷம் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடினார். அவரும் 2020-ல் அதே விருதை வாங்கினார். கீழே அனுப்புவதை அவமானமாகப் பார்க்கும் பழக்கத்தை ரசிகர்கள் விட்டால் பையன்களின் தலையிலிருந்து பாதி பாரம் இறங்கும். ஏ.எச்.எல்.லுக்குப் போன அன்று, தோற்றுப்போய் வீடு திரும்புவதைப் போல என்னிடம் பேசியவர்கள் உண்டு. அங்கே இருபது நிமிஷம் ஆடி, பக்கைத் தொட்டு, மறுபடி கோல் அடித்த பிறகுதான் அவர்கள் குரல் மாறும்.

அதனால் உங்கள் அணியின் பையனை எடைபோடும்போது கோல் கணக்கைக் கடைசியாகப் பாருங்கள். எத்தனை நிமிஷம் இறக்குகிறார்கள், யாரோடு இறக்குகிறார்கள், பவர் பிளேயில் இடம் உண்டா, ஒரு தப்புக்குப் பிறகு அடுத்த ஷிஃப்ட் கிடைக்கிறதா என்று பாருங்கள். அக்டோபரில் செய்யத் துணியாத ஒன்றை பிப்ரவரியில் செய்து பார்க்கிறானா என்று பாருங்கள். தோற்றாலும் முயற்சி பண்ணுகிறவன் வளர்ந்துகொண்டிருக்கிறான். தடுப்பாட்டக்காரருக்கும் கோல்கீப்பருக்கும் இன்னும் நாள் பிடிக்கும். நியூயார்க்கின் இகோர் ஷெஸ்டெர்கின் 2014-ல் எடுக்கப்பட்டவர், முதல் என்.எச்.எல். ஆட்டம் ஆடியது 2020 ஜனவரியில்.

வெற்றி பெற்றவர்களை மட்டும் பொறுக்கிச் சொல்கிறேனா என்ற அந்தக் கேள்விக்கு இப்போது வருகிறேன். எல்லாரும் தேறுவதில்லை. ஐந்து வருஷம், மூன்று கோச், இரண்டு லைன் மாற்றம் எல்லாம் கொடுத்தும் நகராதவர்கள் உண்டு. அப்போது வேறு அணிக்கு அனுப்புவது பையனுக்கே நல்லது. 2014-ல் இரண்டாவதாகப் பஃபலோ எடுத்த சாம் ரைன்ஹார்ட்டும், நான்காவதாகக் கால்கரி எடுத்த சாம் பென்னட்டும் 2021-ல் ஃப்ளோரிடாவுக்குப் போனார்கள். ரைன்ஹார்ட் 2023-24-ல் 57 கோல் அடித்து, இறுதிப்போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் கோப்பையை வென்றுதந்த கோலையும் அடித்தார். பென்னட் 2025 பிளே-ஆஃப்பின் சிறந்த வீரர். அணி மாறிய ஒவ்வொருவரும் இப்படிப் பூப்பதில்லை. ஆனால் விட்டுக்கொடுத்த ஆட்கள் வேறு இடத்தில் திரும்பத் திரும்பத் தேறினால், ஆளைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டு விட்டுக்கொடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும். பஃபலோ 2011-12 முதல் 2024-25 வரை தொடர்ந்து 14 பருவம் பிளே-ஆஃப்பைத் தொடவில்லை. அத்தனை வருஷத்தில் வந்துபோன ஒவ்வொரு இளைஞனும் சோம்பேறி என்று நம்புவதைவிட, வளர்க்கும் முறையைக் கேள்வி கேட்பதுதான் பொருத்தம். கோபத்துக்குப் போக வேண்டிய விலாசம் அதுதான். பொது மேலாளரிடம் கேளுங்கள், உரிமையாளரிடம் கேளுங்கள். வருஷக் கணக்கோடு, கடுமையாகவே கேளுங்கள்.

பையன்களுக்கு நேரடியாகப் போகும் வசவு பற்றியும் சொல்லியாக வேண்டும். 'இதையெல்லாம் அவர்கள் படிக்கவா போகிறார்கள்?' என்று ரசிகர்கள் என்னிடம் கேட்பார்கள். படிக்கிறார்கள். ஆட்டம் முடிந்து பேருந்தில் ஏறியதும் கை போகும் முதல் இடம் போன்தான். படிக்காதவனுக்கும் தம்பி படித்துவிட்டுச் சொல்கிறான், அம்மா படித்துவிட்டுத் தூங்காமல் இருக்கிறார். பந்தயத்தில் பணம் விட்டவர்கள் அனுப்பும் செய்திகள் இன்னும் மோசம், அவற்றில் சிலவற்றை இங்கே எழுத முடியாது. தூக்கம் குறைவது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, சின்னக் காயத்தை மறைத்து ஆடுவது, அறையிலேயே முடங்குவது ஆகியவற்றை வீட்டாரும் அணியினரும் கவனிக்க வேண்டும். என்.எச்.எல்.லும் வீரர் சங்கமும் சேர்ந்து 1996 முதல் ரகசியம் காக்கும் உதவித் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. அதை நாடியவரைப் பற்றி 'மனவலிமை இல்லாதவன்' என்று எழுதுவதால், அடுத்த பையன் அந்த உதவியை நாடத் தயங்குகிறான். நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

தோற்ற ராத்திரியில் மனசில் இருப்பதை எழுதாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அணியைத் திட்டுங்கள், லைன் அமைப்பைத் திட்டுங்கள், டிராஃப்ட்டில் யாரை எடுத்திருக்க வேண்டும் என்று விடிய விடிய வாதாடுங்கள். அந்தப் பையனின் சமூக ஊடகக் கணக்கை மட்டும் அதில் இணைக்காமல் விடுங்கள்.