வென்றவர் நட்டம்: ஏலத்தில் ஏன் கூடுதல் விலை கொடுக்கிறோம்?

ஏலத்தில் ஒரு பொருளை எடுத்தவர், அதன் மதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு நிற்பதற்கு ஆங்கிலத்தில் ‘வின்னர்ஸ் கர்ஸ்’ என்று பெயர். தமிழில் இதைப் பெரும்பாலும் ‘வெற்றியாளரின் சாபம்’ என்று எழுதுகிறோம். எனக்கு அது ஒட்டவில்லை. சாபம் என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். இங்கே விலையைக் கேட்டவரும் அவர்தான், பணத்தைக் கட்டியவரும் அவர்தான். ‘வென்றவர் நட்டம்’ என்பதே பொருத்தம். ‘ஏல நட்டம்’ என்று சுருக்கினால் உயிர் போய்விடும், ஏனென்றால் தோற்றவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

இந்தக் கருத்தை 1971இல் எழுத்தில் வைத்தவர்கள் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று பொறியாளர்கள். அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமை ஏலத்துக்கு வரும்போது, கடலுக்கு அடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கணக்குப் போடும். எல்லோருடைய கணக்கின் சராசரி ஏறக்குறையச் சரியாகவே இருந்தாலும், ஏலம் போய்ச் சேருவது சராசரியாகக் கணித்தவரிடம் இல்லை. எல்லோரையும்விட அதிகமாகக் கணித்தவரிடம், அதாவது பெரும்பாலும் மேல்பக்கம் தவறியவரிடம்.

1983இல் மேக்ஸ் பேசர்மேனும் வில்லியம் சாமுவேல்சனும் பாஸ்டன் பல்கலைக்கழக வகுப்பறைகளில் இதைக் கண்முன் காட்டினார்கள். நாணயம் போன்ற சிறு பொருள்கள் நிறைந்த ஜாடிகளை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். ஒவ்வொரு ஜாடியும் 8 டாலர் பெறும். மாணவர்கள் மதிப்பிட்டதன் சராசரி 5.13 டாலர்தான், குறைவாகத்தான் நினைத்தார்கள். ஆனால் ஏலம் எடுத்தவர்கள் கேட்ட தொகையின் சராசரி 10.01 டாலர்! கூட்டம் மொத்தமாகக் குறைத்து மதிப்பிட்டபோதும், எடுத்தவர் பணத்தை இழந்தார்.

இணைய ஏலத்தில் பழைய கேமராவோ கைக்கடிகாரமோ வாங்கும்போது நடப்பதும் இதுதான். நிலைமை தெரியாது, படத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். அப்படியானால் விலை தெரிந்த புதுப் பொருளில் தப்பித்துவிடலாமா? முடியவில்லை. ஈபேயில் ‘கேஷ்ஃப்ளோ 101’ என்ற பலகை விளையாட்டின் 2004ஆம் ஆண்டு ஏலங்களை யங் ஹான் லீயும் உல்ரிக்கே மால்மெண்டியரும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். அதே தளத்தில், அதே நேரத்தில், அதே பொருள் உடனே வாங்கிக்கொள்ளும் நிலையான விலையிலும் கிடைத்தது. இருந்தும் 42 சதவீத ஏலங்கள் அந்த விலையைத் தாண்டி முடிந்தன. எல்லோரும் அப்படிக் கேட்டுவிடவில்லை, ஒரு சிறு பகுதியினர்தான். ஆனால் ஏலம் அவர்களைத்தான் பொறுக்கி எடுக்கிறது. இன்னொரு முறை நிலையான விலையைத் திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

‘உங்களை ஒருவர் முந்திவிட்டார்’ என்ற செய்தி வந்ததும் விரல் தானாக அடுத்த தொகையைத் தட்டுமே, அது வேறு. அதற்கு ‘ஏல வெறி’ என்ற சொல் போதும். வென்றவர் நட்டத்துக்கு வெறி தேவையே இல்லை, நிதானமாகக் கணக்குப் போட்டவருக்கும் அது வரும்.

‘ஏலம்’ என்ற சொல்லே நமக்குப் போர்த்துகீசியத்தின் ‘லெய்லாவ்’ வழியாக வந்தது. அதன் வேர், ‘அறிவிப்பு’ என்று பொருள்படும் அரபிச் சொல். இந்தியின் ‘நீலாம்’ கூட அதே வழிதான். வந்த சொல்லை நாம் நம் போக்கில் வளைத்துக்கொண்டோம்: விற்பவர் ஏலம் விடுகிறார், வாங்குபவர் கேட்கிறார், கடைசியில் ஒருவர் எடுக்கிறார். ‘எடுத்தார்’ என்பதில் வெற்றி தோல்வி கிடையாது. இணையத் தளங்களோ ‘வென்றுவிட்டீர்கள்’ என்று வாழ்த்துகின்றன. கூடுதலாகக் கொடுத்தவருக்கு அந்த வாழ்த்து எதற்கு என்று எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, எவ்வளவு கேட்பது? போட்டியாளர்கள் நிறையப் பேர் இருந்தால் தொகையை ஏற்றத்தான் கை போகும். அந்த மூன்று பொறியாளர்கள் சொன்னது நேர் எதிர்: ஆள் கூடக்கூட, பொருளைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறையக்குறைய, நம் மதிப்பீட்டிலிருந்து இன்னும் கீழே இறங்கிக் கேட்க வேண்டும்.